வண்டிக்குத் தண்ணீர் காட்டினாயா?

போடிநாயக்கனூரில் 'ஏலம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, மேற்கே நிற்கும் மலைச் சரிவுகளில் நிழல் மரங்களின் கீழ் விளையும் நறுமணக் காய். மற்றொன்று, அக்காயை வணிகர் விலை கூறி எடுக்கும் விற்பனை. முன்னதை அரபு மக்கள் 'ஹைல்' என்றும் 'ஹால்' என்றும் வழங்குவர். நம் சொல்லோடு அதற்குள்ள உறவு காதுக்கே புலப்படும். பின்னது போர்த்துக்கீசியர் வாயிலிருந்து நம் கரையில் இறங்கிய சொல். அதன் மூலம், அறிவித்தல் என்னும் பொருள்படும் ஓர் அரபுச் சொல்லே என்று சொல்லாராய்ச்சியாளர் சிலர் கூறுவர். ஆக, காயோடு ஒரு சொல் கடல் கடந்து மேற்கே சென்றது. வணிகத்தோடு மற்றொரு சொல் சுற்றி வளைத்துக் கிழக்கே வந்தது. இரண்டும் போடியின் ஏல மையத்தில் அன்றாடம் சந்தித்துக் கொள்கின்றன.

இத்தகைய செய்திகளை மாணவர்க்குச் சொல்லி மகிழ்ந்தே முப்பதாண்டு ஆசிரிய வாழ்வைக் கழித்துவிட்டோம். 1206ஆம் ஆண்டில் அல்ஜஸரீ என்னும் பொறியியல் அறிஞர் எழுதி முடித்த அரபு நூலில், இரட்டை உருளைகளுக்குள் உந்துதண்டுகள் மாறிமாறி இயங்கி நீரை உறிஞ்சி மேலேற்றும் ஒரு பொறி வருணிக்கப்பட்டுள்ளது. அதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்து காட்டியிருக்கின்றோம். 'எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் அறிவைப் பாருங்கள்' என்று பெருமிதமும் கொண்டிருக்கின்றோம். ஆனால் நம் வீட்டு வாசலில் நின்ற காருக்குள்ளும் நீரை உந்தும் பொறி ஒன்று உண்டென்பதையும், அது மாதக்கணக்கில் சொட்டிக் கொண்டிருந்ததையும் நாம் அறியவில்லை. அறியவில்லை என்று எழுதுவதும் முழு உண்மையாகாது. அறிவிக்கப்பட்டோம், செவி கொடுத்தோமில்லை. அதனால் நேர்ந்ததை வாசக நேயர்களுக்குச் சொல்லிவிடுவது நன்று என்று தோன்றுகின்றது.

நம் தாய்மாமன் சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றில் நெடுங்காலம் கணக்குப் பார்த்தவர். ஓய்வு பெற்ற பின்னும் மலையைவிட்டு இறங்க மனமின்றி அங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டார். 1980களின் தொடக்கத்தில், பள்ளி விடுமுறை நாள்களில், அவரோடு பேருந்தில் மலையேறுவோம். போடியிலிருந்து முந்தல் வரை சமவெளி. முந்தலைத் தாண்டியதும் சாலை மலையைப் பற்றிக் கொள்ளும். அங்கிருந்து போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். கடல் மட்டத்திற்கு மேல் ஆயிரத்துச் சொச்சம் அடி உயரத்திலுள்ள ஊரிலிருந்து ஏறத்தாழ 4500 அடி உயரத்திற்கு ஒரு மணி நேரத்தில் ஏறிவிடுகின்றோம்.

அந்நாளில் பேருந்து புலியூற்றுப் பக்கம் வந்ததும் மூச்சு வாங்கிக் கொண்டு நிற்கும். நடத்துநர் தகர வாளியோடு இறங்குவார். 1950களின் இறுதி தொடங்கி 2014 வரை வங்காளத்தின் உத்தரபாராவில் உருவான அம்பாசிடர் கார்களும் ஆங்காங்கே பானெட்டைத் திறந்து வைத்துக் கொண்டு ஓரமாக நிற்கும். அப்பொழுது மாமா சொல்வார்: "மாட்டுக்குத் தண்ணி காட்டாம மேட்டுல ஏத்துறவன் வண்டிக்காரனே இல்லை. இந்த இரும்பு மாட்டுக்கும் அதே சட்டந்தான்." பிற்காலத்தில் நாம் பழைய கார் ஒன்றைச் சொந்தமாக வாங்கிய பிறகு, மலைக்கு வருகின்றோம் என்று தொலைபேசியில் சொல்லும்பொழுதெல்லாம் அவர் முதலில் கேட்பது நலத்தை அன்று. "மருமகனே, வண்டிக்குத் தண்ணீர் காட்டினாயா?" என்பதே அவர் கேள்வி. நாமும் சிரித்துக் கொண்டே, "இக்காலத்து வண்டிக்கு அதெல்லாம் வேண்டியதில்லை மாமா" என்போம்.

அப்பதில் பாதி உண்மை. மறுபாதியை நாம் கற்றது பின்னால்தான். கற்ற வரிசையில் இல்லாமல், கற்றிருக்க வேண்டிய வரிசையில் அதனை இங்கே வைக்கின்றோம்.

எஞ்சினின் உருளைக்குள் பெட்ரோல் எரியும் கணத்தில் வெப்பம் 2000 டிகிரிக்கும் மேலே செல்கின்றது. அவ்வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் சக்கரத்தைச் சுழற்றுகின்றது. ஒரு பங்கு புகையோடு வெளியேறுகின்றது. ஏறத்தாழ இன்னொரு பங்கை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர்மம்தான் சுமந்து செல்ல வேண்டும். வாட்டர் பம்பு அதனை உந்துகின்றது. தெர்மோஸ்டாட் என்னும் சிறு வாயில்காப்போன், எண்பது தொண்ணூறு டிகிரி அளவில் சூடேறிய பின்னரே ரேடியேட்டருக்குக் கதவைத் திறக்கின்றான். ரேடியேட்டரின் மெல்லிய குழல்களில் ஓடும் நீர்மத்தைக் காற்றும் விசிறியும் குளிர்விக்க, அது மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகின்றது. மேலே உள்ள மூடி வெறும் மூடியன்று. உள்ளே அழுத்தத்தைக் கட்டிக் காத்து, நூறு டிகிரியில் கொதிக்க வேண்டிய நீரை ஏறத்தாழ நூற்றிருபது வரை கொதியாமல் நிறுத்துவது அதுவே. போடிமெட்டில் திறந்த பானையில் நீர் வைத்தால் தொண்ணூற்றைந்து டிகிரிச் சுமாருக்கே கொதித்துவிடும். ஆகையால் மலையேறும் வண்டிக்கு அவ்வழுத்தம் உயிர் போன்றது. எங்கேனும் ஒரு கசிவு ஏற்பட்டால் நீரும் குறைகின்றது, அழுத்தமும் குறைகின்றது.

நம் காரில் கசிந்தது பம்பு. அதன் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளேயுள்ள அடைப்பு தேயத் தொடங்கினால், நீர்மம் முதலில் அத்துளை வழியே சொட்டி, உடையவனுக்கு எச்சரிக்கை தரட்டும் என்றே அதனை அமைத்திருக்கிறார்கள். நம் இளைய மகன் அதனைக் கண்டான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த அவன், மாலை வேளைகளில் ஒரு பழுது பார்க்கும் பட்டறையில் போய் நிற்பது வழக்கம். நமக்கு அது பிடிக்கவில்லை. கிதாபு படித்த குடும்பத்துப் பிள்ளை கையில் கிரீஸ் அப்பிக் கொண்டு வருவதா என்பது நம் எண்ணம்.

"அத்தா, பம்புக்குக் கீழே பச்சையாக் கறை படிஞ்சிருக்கு. கூலண்ட் கசியுது" என்றான். ஒரு முறையன்று, மும்முறை சொன்னான். "குறைந்தால் ஊற்றிக் கொள்வோம்" என்றோம். வீட்டு ஆழ்குழாய்க் கிணற்று நீரையே ஊற்றினோம். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படியும் அதே உப்பு, ரேடியேட்டரின் குழல்களிலும் படியும் என்று எண்ணினோமில்லை. கூலண்ட் என்பது வண்ண நீர் அன்று. எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருளோடு துருத் தடுப்பு மருந்துகளும் சேர்ந்த கலவை என்பதும், அது கொதிநிலையை இன்னும் உயர்த்தித் தருவது என்பதும் அப்பொழுது நமக்குத் தெரியாது.

2022ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில் ஒரு நாள், பஜ்ரு வேளையில் தொலைபேசி ஒலித்தது. மாமா வபாத்தாகிவிட்டார். லுஹர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் என்று செய்தி. எழுபத்தாறு வயதான நம் தாயாருக்கு அவர் ஒரே தம்பி. "முகத்தைப் பார்த்துவிட வேண்டும்" என்று மட்டும் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரப் பயணந்தானே என்று, வீட்டு வேலைகளை ஒழுங்கு செய்து, பத்தரை மணிக்குப் புறப்பட்டோம். நாம் ஓட்ட, மகன் பக்கத்தில் அமர, தாயாரும் மனைவியும் பின்னே இருந்தனர். அவசரத்தில் பானெட்டைத் திறந்து பார்க்கவில்லை.

முந்தலை அடைந்தபொழுது மகன் மெல்லச் சொன்னான்: "அத்தா, ஊசி நடுவைத் தாண்டிருச்சு. இன்னும் மலையே ஏறலை. இங்கே ஜீப் நிக்குது. வண்டியை இங்கேயே விட்டுட்டு நன்னியை அதிலே கூட்டிட்டுப் போயிருவோம்."

பொழுது புலரும் முன்னரே தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக் கொண்டு ஜீப்புகள் மலையேறிவிடும். அந்நேரத்தில் ஒரே ஒரு ஜீப் நின்றது உண்மை. நாம் சொன்ன மறுமொழி இது: "சொந்த வண்டி இருக்கும்போது, மாமா வீட்டு மௌத்துக்கு வாடகை ஜீப்பிலா போய் இறங்குவது?" அந்த வாக்கியத்தை இன்று நினைத்தாலும் நாக்கு கசக்கின்றது.

ஏறினோம். மலைப் பாதையில் வண்டி மெதுவாகச் செல்கின்றது. எஞ்சினோ வேகமாகச் சுழல்கின்றது. முன்னிருந்து வீசும் காற்று குறைவு. உள்ளே பிறக்கும் வெப்பமோ மிகுதி. பின்னாளில் நம் மகன் ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினான். ஆட்களோடு சேர்ந்து 1400 கிலோ எடையுள்ள வண்டியை ஆயிரம் மீட்டர் உயரத்திற்குத் தூக்குவதற்கு மட்டும் எஞ்சின் கழிக்கும் வெப்பம், ஏறத்தாழ ஐம்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானதாம். நம் வண்டியில் அன்று இருந்தது நான்கு லிட்டருக்கும் குறைவாகவே இருக்கும்.

மகன் குளிர்சாதனத்தை நிறுத்தினான். பிறகு, எல்லோரும் வியர்த்துக் கொண்டிருக்கையில், வெப்பக் காற்று வரும் குமிழைத் திருகினான். "உனக்கென்ன பித்தா?" என்று அதட்டினோம். எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதியை அவ்வழியே வெளியேற்றலாம் என்பது அவன் கற்ற பாடம். நாம் அதனை அணைத்துவிட்டோம்.

ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டது. இன்னும் இரண்டு வளைவு ஏறியிருப்போம். ஊசி திடீரென்று கீழே இறங்கியது. "பார்த்தாயா, தானே சரியாகிவிட்டது!" என்று வெற்றிக் குரலில் சொன்னோம். மகன் முகம் வெளிறிவிட்டது. "அத்தா, நிறுத்துங்க. தண்ணியே இல்லைன்னாத்தான் ஊசி அப்படி இறங்கும்" என்றான். வெப்பத்தை அளக்கும் கருவி நீர்மத்தில் மூழ்கியிருந்தால்தான் உண்மை சொல்லும். நீர் வற்றி அது வெறும் வெளியில் நின்றுவிட்டால் பொய் சொல்லும். நாம் அப்பொய்யை நம்பினோம். பிள்ளையின் மெய்யை நம்பவில்லை. அடுத்த வளைவில் எஞ்சின் கடகடவென்று ஒலித்து அடங்கியது. பானெட்டின் ஓரங்களில் வெண்மையாக ஆவி எழுந்தது.

இறங்கினோம். கைக்குட்டையைச் சுற்றிக் கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனோம். மகன் பாய்ந்து நம் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். வாழ்நாளில் அவன் நம்மைக் கைப்பிடித்துத் தடுத்தது அதுவே முதன்முறை. அழுத்தத்தில் கட்டுண்டு நூறு டிகிரிக்கு மேல் சூடேறி நிற்பது, மூடி தளர்ந்த கணமே ஆவியாகப் பொங்கி முகத்தை வேகவைத்துவிடும் என்றான். தாயார் தம் குடிநீர்ப் புட்டியை நீட்டி, "இதை ஊத்துப்பா, எனக்கு வேண்டாம்" என்றார்கள். அதையும் அவன் வாங்கவில்லை. காய்ந்த எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கும். அரை மணியாவது ஆற வேண்டும் என்றான்.

மனிதனின் தாகத்திற்கோ அவனுடைய கால்நடையின் தாகத்திற்கோ நீர் தேவைப்படுமாயின், அந்நீரை ஒளுவுக்குச் செலவிடாமல் தயம்மும் செய்து கொள்ளலாம் என்னும் சட்டத்தை எத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியிருப்போம்! வாயில்லாப் பிராணியின் தாகத்துக்கு அத்துணை முன்னுரிமை தந்த கிதாபைக் கையில் வைத்துக் கொண்டு, நம்மைச் சுமந்து சென்ற ஒன்றின் தாகத்தைப் பார்க்கவில்லையே என்று அவ்வளைவில் நின்று எண்ணினோம்.

அவ்விடத்தில் தொலைபேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. மேலே சென்ற வண்டிகள் இரண்டு, ஆட்களால் நிரம்பியிருந்தன. ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆன பின், கீழிருந்து வந்த ஜீப் ஒன்று நின்றது. முந்தலில் நாம் வேண்டாமென்று விட்டு வந்த அதே ஜீப்தான். ஓட்டுநர் ஒன்றும் கேட்கவில்லை. "ஏறுங்க ஹஜ்ரத், நேரமாச்சு" என்று மட்டும் சொன்னார். தாயாரைக் கைத்தாங்கலாக முன்னிருக்கையில் அமர்த்தினார். கூலியும் வாங்க மறுத்துவிட்டார்.

சாந்தன்பாறையை அடைந்தபொழுது மணி இரண்டே கால். குறித்த நேரத்திற்கு மேலும் நமக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். மழை இறங்கத் தொடங்கியதும், இனியும் தாமதிக்கலாகாது என்று ஜனாஸாவை எடுத்து அடக்கம் செய்துவிட்டார்கள். கபுறின் மேல் ஈரமண் இன்னும் சரியாகப் படியவில்லை. நாம் ஒரு பிடி மண்கூட இடவில்லை.

தாயார் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொன்னாரல்லர். மாமாவின் வீட்டுத் திண்ணையில் வெகுநேரம் அமர்ந்திருந்தார்கள். பிறகு, "தம்பி இருந்திருந்தா, வந்து இறங்கினதும் முதல்ல கேட்டிருப்பான்" என்றார்கள். என்ன கேட்டிருப்பார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் வண்டியை இழுத்து வந்து போடியில் ஒரு பட்டறையில் விட்டோம். எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றி, அதன் மேல் ஓர் எஃகுச் சட்டத்தை நேராக வைத்துக் காட்டினார் மெக்கானிக். சட்டத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. மிகுந்த சூட்டில் அலுமினியம் வளைந்துவிட்டது. தலைக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட் கருகிப் பிளந்து, எஞ்சிய நீர் எண்ணெயில் கலந்திருந்தது. எண்ணெய், பால் கலந்த தேநீரின் நிறத்தில் வடிந்தது. ரேடியேட்டரின் குழல்களில் பாதி உப்பால் அடைபட்டிருந்தன. தலையைத் தேனிக்குக் கொண்டு சென்று லேத்துப் பட்டறையில் சமன் செய்து வர வேண்டியதாயிற்று. "அந்தப் பம்பை அப்பவே மாத்தியிருந்தா இதெல்லாம் இல்லை பாய்" என்றார் அவர். நம் மகனை அவர் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். குற்றம் வண்டியினுடையதன்று, அதைச் செய்தவருடையதுமன்று. ஆகையால்தான் வண்டியின் பெயரை இங்கே சொல்லவில்லை.

அதன் பின்னர் நாமும் இத்துறை நூல்களைப் புரட்டத் தலைப்பட்டோம். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்னும் பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸ் ஆக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியில், தம் இரு புதல்வரோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோ மீட்டருக்கு மேல் பயணம் செய்தார். எஞ்சினைக் குளிர்வித்த நீர் ஆவியாகிக் கொண்டே இருந்தமையால், வழிநெடுக நிறுத்தி நிறுத்தி நீர் வார்த்தார். மேடுகளில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணமே வண்டிக்குத் தண்ணீர் காட்டிய பயணந்தான். பின்னர் 1900ஆம் ஆண்டையொட்டி வில்ஹெல்ம் மைபாக், தேனடை போன்று 8070 சிறு குழல்களைக் கொண்ட ரேடியேட்டரை அமைத்தார். குறைந்த நீரைக் கொண்டே மிகுந்த வெப்பத்தைப் போக்க வழி பிறந்தது. அந்தத் தாயோடு சென்ற பிள்ளைகளுக்குப் பொறியின் நுட்பம் தெரிந்திருந்தது. அவர் அதற்கு இடங்கொடுத்தார். நம் வண்டியிலும் தெரிந்த பிள்ளை ஒருவன் இருந்தான்.

வாசக நேயர்களில் பலர் இன்று சொந்த வண்டியில் குடும்பத்தோடு மலையேறுகின்றவர்கள். அவர்களுக்குச் சில சொல்லி அமைகின்றோம். எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், கூலண்ட் நிற்கும் புட்டியின் மேற்கோட்டிற்கும் கீழ்க்கோட்டிற்கும் இடையில் அளவு நிற்கின்றதா என்று பாருங்கள். அடிக்கடி குறையுமாயின் ஊற்றிக்கொண்டே இராமல், எங்கே கசிகின்றது என்று தேடுங்கள். கிணற்று நீரை ஊற்றாதீர்கள்; வண்டிக்குரிய கலவையையோ, அவசரத்திற்குக் காய்ச்சி வடித்த நீரையோ ஊற்றுங்கள். கூலண்ட் இனிக்கும் நஞ்சு. பிள்ளைகளும் ஆடு மாடுகளும் நெருங்கா வண்ணம் வையுங்கள். ஊசி வழக்கத்திற்கு மேல் ஏறினால் குளிர்சாதனத்தை நிறுத்தி, வெப்பக் காற்றைத் திறந்து, பாதுகாப்பான இடம் கண்டதும் ஒதுங்கி எஞ்சினை அணையுங்கள். சூடாக இருக்கையில் மூடியைத் தொடாதீர்கள். எல்லாவற்றிலும் மேலாக, வீட்டில் இளையவர் ஒருவர் 'ஊசி ஏறுகின்றது' என்று சொன்னால், சொன்னவரின் வயதைப் பாராமல் ஊசியைப் பாருங்கள்.

நம் மகன் இப்பொழுது பாலிடெக்னிக்கில் மோட்டார் வாகனப் பொறியியல் பயில்கின்றான். விண்ணப்பத்தில் கையொப்பமிட்டபொழுது நாம் ஒன்றும் பேசவில்லை; அவனும் கேட்கவில்லை. விடுமுறையில் வீட்டுக்கு வந்தால், விடியற்காலையில் பானெட்டைத் திறப்பான். டார்ச் விளக்கைப் பிடித்துக் கொண்டு பக்கத்தில் நிற்பது நம் வேலை. "அத்தா, அளவு எங்கே நிக்குது, பார்த்துச் சொல்லுங்க" என்பான். குனிந்து பார்த்து, "மேற்கோட்டிற்கு ஒரு விரற்கடை கீழே" என்று பாடம் ஒப்பிக்கின்றோம். சரியாகச் சொன்னோமா என்று அவனும் ஒருமுறை குனிந்து பார்த்துக் கொள்கின்றான். திண்ணையிலிருந்து தாயார் அதைப் பார்த்துக் கொண்டிருக்கின்றார்கள்.